ஓடுகிற வண்டிக்கு எதற்கு மாலை?

டிஸ்கி: கார் விமர்சனம் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். மைலேஜ் எவ்வளவு, கார் லோனுக்கு எங்கே வட்டி குறைவு என்பதெல்லாம் இதில் கிடையாது. இது கொஞ்சம் கோபமான பதிவு. பாதிக் கோபம் என் மேலேயே.

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கொல்கத்தாவில் லேசாகக் குளிர் அடித்தாலே ஊரே குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டுவிடும். அப்படி ஒரு காலையில் அப்பாவை ஒரு பழைய கார் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார், லேக் மார்க்கெட் பக்கத்து ஃப்ளாட்டில். வயது 76. கோயமுத்தூரில் நாற்பது வருஷம் லேத் முன்னால் நின்றவர். பாதிக் காலம் சம்பளத்துக்கு, மீதிக் காலம் சொந்தமாக ஒரே ஒரு லேத் போட்டு. இங்கே அவருக்கு வேலை என்று பார்த்தால் காலையில் ஏரியைச் சுற்றி நடப்பது, பேரனை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுவது, தமிழ் சேனல் பார்ப்பது. "ரெஸ்ட் எடுங்கப்பா" என்பது எங்கள் வீட்டில் தினமும் ஓதப்படும் மந்திரம்.

மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றில் கூட ஒரு தூசு கிடையாது. நடுவில் ஒரு சிவப்பு எம்ஜிஏ. 1950களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உடம்பு, கதவுக்கு வெளியே கைப்பிடி கூட வைக்காத வடிவம். அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு சாமந்தி மாலை. பானட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரெண்டு நிமிஷம் குனிந்து பார்த்தார்.

"டேய், இது நம்ம அம்பாசடர் எஞ்சினாட்டவே இருக்குதுடா."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். 1955ல் வந்த எம்ஜிஏவின் எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சிசி பி-சீரிஸ். அதே குடும்பத்து 1489 சிசி எஞ்சின்தான் இங்கே உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரிலும் பல வருஷம் இருந்தது. எம்ஜிஏவில் கார்புரேட்டர் ரெண்டு, அமைப்பு வேகத்துக்கு. நம்முடையதில் ஒன்று, கல்யாண வீட்டு ஜனத்தைச் சுமப்பதற்கு.

"வண்டி ஓடுமான்னு கேளு கண்ணு."

பக்கத்தில் கோட்டு போட்டு நின்ற உரிமையாளரிடம் இந்தியில் கேட்டேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பதில் சொன்னார். ஓடும், ஆனால் ஓட்டுவதில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறோம், லாரியிலேயே திரும்பப் போகும். ஓட்டினால் மதிப்பு போய்விடும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் அங்கே ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து டாக்சிக்கு நிற்கும்போதுதான் சொன்னார். "ஓடற வண்டிக்கு எதுக்குடா மாலை? போட்டோவுக்குத்தான் மாலை போடுவாங்க."

அந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை. தூக்கம் வராத நேரத்தில் படித்ததைத்தான் இங்கே கொட்டப்போகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்காகச் செய்த வண்டியை, ஓடக்கூடிய நிலையில் இருக்கும்போதே ஓடவிடாமல் பாலிஷ் போட்டு நிறுத்துவது பாதுகாப்பு இல்லை. அது மரியாதையான முறையில் சாகடிப்பது. சாவது வண்டி மட்டும் இல்லை. அதை ஓடவைக்கத் தெரிந்த கைகளும் சேர்ந்து சாகின்றன.

'பேங்க் ஆபீசருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?' என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வட்டியோ அசலோ 90 நாளுக்கு மேல் வராமல் நின்றால் அந்தக் கடனை நாங்கள் செயல்படாச் சொத்து என்று எழுதுவோம். அடமானம் வைத்த கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, அந்தப் பெயர் மாறாது. வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. அப்பா கேட்டதும் அதே கேள்விதான்.

இந்த வண்டிகள் பிறந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸில் குட்வுட் என்று ஒரு பந்தயத் தடம். போர்க்கால விமானத்தளத்தைச் சுற்றியிருந்த சாலையைத்தான் 1948ல் பந்தயத் தடமாக்கினார்கள். (நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்கால ஓடுதளத்தில்தான் பல வருஷம் கார்கள் சீறின. விமானம் போன இடத்தில் கார் வருவது உலக வழக்கம் போல.) 1966ல் குட்வுட்டில் பந்தயம் நின்றது. 1998 செப்டம்பரில் மறுபடி தொடங்கினார்கள், ஒரு நிபந்தனையோடு. அந்தத் தடம் உயிரோடிருந்த காலத்து வண்டிகள் மட்டும்தான் ஓடவேண்டும். கொரோனா வந்த 2020 போக, ஒவ்வொரு செப்டம்பரும் ஜாகுவார், ஆஸ்டன் மார்ட்டின், லோட்டஸ், ஆஸ்டின் ஹீலி எல்லாம் அங்கே மோதுகின்றன. ஊர்வலம் இல்லை, நிஜப் பந்தயம். வளைவில் பின்சக்கரம் வழுக்க, கதவோடு கதவு உரச ஓட்டுகிறார்கள். பெரிய பந்தயத்தில் ஒரு மணி நேரம், ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர்.

அறுபது எழுபது வயதான வண்டியைப் போட்டிக்கு லாயக்காக வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. புது எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டிவிட முடியாது. சர்வதேச மோட்டார் சங்கத்தின் பழைய வண்டிப் பந்தயங்களுக்கு 'அனுபந்தம் கே' என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. வண்டி அந்தக் காலத்தில் எந்த அமைப்போடு ஓடியதோ அதே அமைப்போடுதான் ஓடவேண்டும். அதை விவரிக்கும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் ஒன்று வண்டிக்கு உண்டு. டயர் கூடப் பழைய வடிவத்தில் செய்ததுதான். ஆக, ஜெயிக்கவேண்டும் என்றால் பழைய பொருளிலிருந்தே இன்னும் கொஞ்சம் கறக்கவேண்டும். அதற்குப் புத்தகம் மட்டும் போதாது. கை வேண்டும், காது வேண்டும்.

காது என்று சும்மா சொல்லவில்லை. இந்த வண்டிகள் பலவற்றில் எஸ்யு கார்புரேட்டர். உள்ளே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். அதோடு கூர்மையாகச் சீவிய ஒரு ஊசி ஏறி இறங்கும். அந்த ஊசியின் சரிவுதான் எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போகும் என்று தீர்மானிக்கிறது. ரெண்டு கார்புரேட்டர் இருந்தால் ரெண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். அதைச் சரிபார்க்கும் பழைய வழி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து மறு முனையைக் காதில் வைப்பது. ரெண்டிலும் 'உஸ்' ஒரே சுருதியில் கேட்கும் வரை திருகுவார்கள். தம்புரா சுருதி சேர்க்கிற மாதிரிதான். இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற முடியுமா?

இங்கேதான் ஓய்வுபெற்ற பந்தயக்காரர்கள் வருகிறார்கள். மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதல் ஆள் கிறிஸ் லாரன்ஸ். மோர்கன் என்ற கம்பெனியின் பிளஸ் 4 காரை ஓட்டியவர். அந்த கார் புதிதாக இருந்தபோதே பார்க்கப் பழசாக இருக்கும். 1961ல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கு விண்ணப்பித்தபோது இடம் கொடுக்கவில்லை. பார்க்க யுத்தத்துக்கு முந்தைய வண்டி மாதிரி இருக்கிறது என்பதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அடுத்த வருஷம், 1962ல், மறுபடி போனார். டிஓகே 258 என்ற பதிவெண் உள்ள அந்த மோர்கன், அவரும் ரிச்சர்ட் ஷெப்பர்ட்-பாரனும் மாறி மாறி ஓட்ட, 24 மணி நேரமும் மணிக்குச் சராசரி 94 மைல் அளவில் ஓடி, 2 லிட்டர் வகுப்பில் முதலாவதாக வந்தது. கிழவன் என்று வாசலில் நிறுத்தியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

லாரன்ஸின் உண்மையான பிழைப்பு எஞ்சினைச் சீர் செய்வது. மற்றவர்களின் மோர்கனையும் வேகமாக்கிக் கொடுப்பதற்கென்றே பட்டறை வைத்திருந்தார். அறுபதுகளின் வயதில் மோர்கன் கம்பெனி அவரை மறுபடி அழைத்துக்கொண்டது. 2000ல் வந்த ஏரோ 8 என்ற புது வண்டியில் அவர் உழைப்பு முக்கியமானது. 2011ல் இறந்தார். ஸ்டியரிங்கை விட்ட பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

ரெண்டாவது ஆள் அமெரிக்காவில் காஸ் காஸ்ட்னர். டிரையம்ஃப் ஓட்டியவர், பிறகு 1960களில் அமெரிக்காவில் டிரையம்ஃபின் பந்தயப் பிரிவையே நடத்தியவர். அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தான் கண்டுபிடித்த தந்திரங்களைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல், டிஆர் வரிசை வண்டிகளைப் பந்தயத்துக்கு எப்படித் தயார் செய்வது என்று கையேடுகளாக எழுதிப் போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். பழைய டிரையம்ஃப் ஓட்டுபவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். அவர் பெயரில் ஒரு கோப்பையும் உண்டு, பழைய டிரையம்ஃப்கள் ஓடும் பந்தயங்களில் கொடுப்பது. 2021ல் அவர் போய்விட்டார். கையேடு இருக்கிறது, கோப்பை இருக்கிறது, வண்டிகள் ஓடுகின்றன.

மூன்றாவது ஆளை எல்லோருக்கும் தெரியும். ஸ்டிர்லிங் மாஸ். 1962 ஏப்ரலில் அதே குட்வுட்டில் லோட்டஸ் ஓட்டும்போது பெரிய விபத்து. ஒரு மாதம் நினைவில்லை, ஆறு மாதம் இடது பக்கம் சரியாக இயங்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய கூர்மை இல்லை என்று தொழில்முறைப் பந்தயத்திலிருந்து விலகிவிட்டார். அப்போது வயது 33. ஆனால் பழைய கார் பந்தயங்களுக்குத் திரும்பி வந்து, அதற்குப் பிறகு பல வருஷம் ஓட்டினார். 2011 ஜூனில் லே மான்ஸில், 81 வயதில், ஒரு பழைய போர்ஷேயில் தகுதிச்சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். இன்று எனக்கே பயமாகிவிட்டது, இதோடு போதும் என்று அறிவித்தார். யாரும் பிடுங்கவில்லை. "ரெஸ்ட் எடுங்கப்பா" என்று யாரும் சொல்லவில்லை. எப்போது நிறுத்துவது என்பதை ஓட்டுபவரே தீர்மானித்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். கண்காட்சியில் கேட்டவை, ஆபீஸ் கேண்டீனில் கேட்டவை, வீட்டுக்காரம்மா கேட்டவை எல்லாம் சேர்த்துத்தான்.

"ஓட்டினால் மதிப்பு குறையும்."

இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 2017 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு ஆஸ்டன் மார்ட்டின் டிபிஆர்1 ஏலத்துக்கு வந்தது. 2.25 கோடி டாலருக்கு மேல் போனது. அன்றைக்கு ஏலத்தில் ஒரு பிரிட்டிஷ் காருக்குக் கிடைத்த அதிகபட்ச விலை அதுதான். அந்த விலை எங்கிருந்து வந்தது? அதே கார் 1959ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயம் ஓடியது. மாஸ் முன்னணியில் இருந்துவிட்டு, இணை ஓட்டுநர் ஜாக் ஃபேர்மனிடம் வண்டியைக் கொடுத்தார். அவர் மழையில் பள்ளத்தில் இறக்கிவிட்டார். தானே முட்டுக்கொடுத்துத் தூக்கி, வண்டியை மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தார். மாஸ் மறுபடி ஏறி, விட்ட இடத்தைத் துரத்திப் பிடித்து ஜெயித்தார். ஏலத்தில் பணம் கொட்டியவர் வாங்கியது அந்தப் பள்ளத்தையும் அந்தத் துரத்தலையும்தான். அன்றைக்கே யாராவது 'மதிப்பு போய்விடும்' என்று லாரியில் ஏற்றியிருந்தால் இன்று அது ஒரு பச்சை நிறப் பழைய இரும்பு.

"அடிக்கடி பாகம் மாற்றினால் அது அசல் வண்டியா?"

நல்ல கேள்வி. நம்ம ஊர்ப் பதில் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் வருஷக்கணக்கில் ஓடாமல் நின்றிருந்தது. 1970ல் மறுபடி ஓடவிட்டார்கள். திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் கொடுத்தது. யாராவது 'ஐயோ, அசல் தேர் போச்சே' என்று அழுதார்களா? வடம் பிடிக்க ஓடினார்கள். நிலையிலேயே நிற்பதுதான் அசல் என்றால் அது தேர் இல்லை, மண்டபம்.

அதற்காக எதை வேண்டுமானாலும் மாற்று என்று சொல்லவில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கும் வண்டி, எந்தப் பாகமும் மாறாத வண்டி, அதைக் காட்சிக்கூடத்தில் வையுங்கள், நானும் டிக்கெட் எடுத்து வருகிறேன். எம்ஜிஏ ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அத்தனையும் ஒன்றே ஒன்றா?

"ஆபத்து இல்லையா?"

இருக்கிறது. மறுக்கவில்லை. பழைய வண்டிப் பந்தயங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் தலைக்கவசம், பரிசோதனை, உரிமம் எல்லாம். ஆபத்தைக் குறைக்கவேண்டும் என்பது வேறு, அசைவையே நிறுத்துவது வேறு.

"பெட்ரோல் நாசம், புகை."

2024 குட்வுட் ரிவைவலில் பந்தயத்தில் ஓடிய எல்லா வண்டிகளும் குறைந்தது 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் கலந்த எரிபொருளில் ஓடின. அறுபது வருஷத்து எஞ்சின்கள். அதைச் சாதித்தவர்கள் யார்? பழைய எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர்கள். ஓட்டாமல் வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு விடையே கிடைத்திருக்காது.

"இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு."

இதில் பாதி உண்மை. ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். அது என் தொழில். பாலிஷ் போட்ட வண்டியில் போட்ட பணம் வண்டியிலேயே நிற்கிறது, விற்கும்போது விற்பவருக்கே வருகிறது. ஓடும் வண்டியில் போடும் பணம் ஒவ்வொரு சீசனும் பட்டறைக்கு இறங்குகிறது. வால்வு தேய்கிறது, ஒருவர் கடைகிறார். பிரேக் தேய்கிறது, ஒருவர் லைனிங் ஒட்டுகிறார். எஸ்யு கார்புரேட்டரை இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் ஒரு கம்பெனி இன்னும் புதிதாகச் செய்து விற்கிறது. எம்ஜிபி காரின் உற்பத்தி 1980ல் நின்றுவிட்டது. 1988ல் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து அதன் முழு உடம்பையே புதிதாக அடிக்க ஆரம்பித்தார்கள். ஏன்? கேட்க ஆள் இருக்கிறார்கள், ஏனென்றால் ஓட்டுகிறார்கள். தேய்மானம்தான் தொழிலுக்குச் சோறு போடுகிறது.

நம் பக்கம் வருவோம். 2021ல் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளைத் தனி எண்ணில் பதியலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டி அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். அன்றாட உபயோகத்துக்கும் வியாபாரத்துக்கும் கூடாது. இந்த விதி வந்ததே நல்லது, காயலான் கடைக்குப் போவதிலிருந்து சில வண்டிகள் தப்பின. சாலைக்கு அந்தக் கட்டுப்பாடும் நியாயம்தான். ஆனால் மூடிய பந்தயத் தடத்தில் ஓட்டுவதை அது தடுக்கவில்லையே? நம்மைத் தடுப்பது சட்டம் இல்லை, பழக்கம். பழைய பொருள் என்றால் ஒன்று காயலான் கடை, இல்லை பூஜை அறை. நடுவில் பட்டறை என்று ஒரு இடம் இருப்பது நமக்கு மறந்துவிட்டது.

இங்கேயே பாருங்களேன். மஞ்சள் அம்பாசடர் டாக்சிகள் 15 வருஷ விதியில் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருக்கின்றன. உத்தர்பாரா தொழிற்சாலை 2014ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த எஞ்சின் குடும்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்த மிஸ்திரிகள் இந்த ஊரில் சந்துக்குச் சந்து இருந்தார்கள். அந்த சிவப்பு எம்ஜிஏவைப் பந்தயத்துக்கு ஏற்றதாக ஆக்கக்கூடிய கைகள் அந்த மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருந்தன. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் மேல் உள்ள பாதிக் கோபத்துக்கு வருகிறேன். கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள்.

கண்காட்சியிலிருந்து வந்த அன்று ராத்திரி அப்பா ஒரு கதை சொன்னார். எழுபதுகளின் நடுவில், அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த பட்டறைக்கு ஒருவர் ஒரு எஞ்சின் தலையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். சோழவரம் பந்தயத்துக்குப் போகிற வண்டி. வால்வு கைடு தேய்ந்துபோச்சு, புதுசு கிடைக்காது, கடைந்து கொடுக்க முடியுமா என்று கேட்டாராம். அப்பா பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் எட்டும் கடைந்தார். "ரெண்டு தௌவுக்கு மேல ஆடக்கூடாதுன்னாரு. ஒண்ணரையில நிறுத்திக் குடுத்தேன்." ஐம்பது வருஷம் கழித்து அந்த அளவு ஞாபகம் இருக்கிறது. வண்டி ஜெயித்ததா என்று கேட்டேன். "அது தெரியல. திரும்பி வரலை. கைடு போயிருந்தா வந்திருப்பாரு" என்றார்.

2019ல் அம்மா போன பிறகு அப்பாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டைக் காலி செய்யும்போது அந்த லேத் இருந்தது. இயங்கிக்கொண்டிருந்த லேத். கொல்கத்தாவுக்குக் கொண்டுவர முடியாது, வாடகை கட்டி அங்கேயே வைக்கவும் முடியாது என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு என் தொழில் அல்லவா. வாங்க ஆள் தேட எனக்கு லீவு இல்லை. கிலோ கணக்கில் எடைக்குப் போட்டேன். அப்பா அருகில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் ஒரு மைக்ரோமீட்டரை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டார். இன்றும் மாதம் ஒருமுறை அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, மறுபடி சுற்றி வைக்கிறார்.

இப்போது சொல்லுங்கள். அந்த எம்ஜிஏ உரிமையாளர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவராவது வண்டியை வைத்திருக்கிறார். நான் லேத்தை எடைக்குப் போட்டுவிட்டு, லேத்காரரைக் கொண்டுவந்து சோபாவில் வைத்து, 'ரெஸ்ட் எடுங்க' என்று மாலை போட்டேன்.

ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் இது பொதுவான கதை. அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறோம். பாசம்தான், சந்தேகமே இல்லை. இன்ஷூரன்ஸ் போடுகிறோம், மாத்திரை டப்பா வாங்கித் தருகிறோம், யாராவது வந்தால் 'எங்கப்பா பெரிய டர்னர்' என்று பெருமையாகக் காட்டுகிறோம். கண்காட்சி! அவருக்குத் தெரிந்த வேலையை ஒரு நாள் செய்யவிடுகிறோமா? பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அட்சரம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பாட்டியை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, பொங்கலன்று மட்டும் பட்டுப்புடவை கட்டி போட்டோ எடுக்கிறோம். ஓட்டினால் மதிப்பு போய்விடுமாம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. வங்காளி மிஸ்திரி, அறுபதை ஒட்டிய வயது. மார்ச் முதல் வாரத்தில் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போய், 'சும்மா வந்து உட்காரட்டுமா?' என்று கேட்டேன். அப்பாவுக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அரை மணியில் 'தௌ' என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இப்போது வாரம் ரெண்டு காலை போகிறார். நகத்தில் கருப்பு ஏறியிருக்கிறது. போன மாதம் கட்டைவிரலில் சுருள் இரும்பு கிழித்து மூன்று தையல். வீட்டில் என்னை எல்லோரும் திட்டினார்கள். எனக்கும் பயம்தான். அன்று ராத்திரி, "போதும்ப்பா, விட்டுடுங்களேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. 81 வயதில் தானே இறங்கிய அந்த மனிதரை நினைத்து அடக்கிக்கொண்டேன். இவரும் தானே சொல்லட்டும், எப்போது போதும் என்று.

லேத்தைப் பற்றி மட்டும் அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அப்படியே இருக்கிறது, தீராத கணக்காக.

அந்த எம்ஜிஏ உரிமையாளரின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். வரும் குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் செய்து, வண்டியைக் கீழே இறக்கச் சம்மதமா என்று கேட்கப்போகிறேன். ரெண்டு கார்புரேட்டரையும் காதில் குழாய் வைத்துக் கேட்டுச் சரிசெய்ய ஒரு ஆள் தயாராக இருக்கிறார், கூலி வேண்டாம் என்கிறார் என்று சொல்லவேண்டும். மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். கேட்டுத்தான் பார்ப்போமே.

திட்டுவதாக இருந்தால் பின்னூட்டத்தில் திட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை எழுந்து போய், உங்கள் வீட்டில் மாலை போட்டு நிறுத்தி வைத்திருப்பது என்ன என்று பார்த்துவிட்டு வாருங்கள் :-)